இன்ஜினுக்குள் வைத்த சந்தனம்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. ஒரு வரி எழுதுவேன். அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி இருக்கும், எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒன்றும் தீய்ந்திருக்காது. பயம்தான் காரணம். எழுதினால் சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று ஒரு பயம். என் மதினியை நாலு பேர் ஏசுவார்களோ என்று இன்னொரு பயம். எழுதாமலே விட்டால், சொந்தபந்தத்தில் இப்போது சொல்லிக்கொண்டு திரிகிற கதையே நிஜமாகிவிடுமே என்பது எல்லாவற்றிலும் பெரிய பயம். கடைசியில் மதினியே, "எழுதுத்தா, நடந்ததை நடந்தபடி எழுது, எனக்கென்ன வெக்கம்" என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் துபாயில் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டும் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தவர். "கட்டுவது" என்றுதான் அவர் சொல்வார், வீடு கட்டுவதைச் சொல்வதுபோல. ஊருக்குத் திரும்பியதும், ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டு அறையை அதற்கென்று ஒதுக்கிக்கொண்டார். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேகமான கார் வைத்திருப்பவர்கள் இன்ஜினைக் கழற்றி வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். சில பேர் காரையே கொண்டுவந்து விடுவார்கள்.

அந்த அறைக்குள் மின்விசிறி கிடையாது. தூசியைக் கிளப்பும் என்று கழற்றிவிட்டார். கடல் காற்றின் உப்பு உள்ளே வரக்கூடாது என்று சன்னல் இடுக்கெல்லாம் ஒட்டியிருக்கும். செருப்பு வெளியே. தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். மற்ற பட்டறைகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் எங்கள் வீட்டு வாசப்படி ஏறாது, நூல் உதிரும். வேலை நடக்கிற நாளில் நான் முற்றத்தில் துணிகூட உதறக்கூடாது. எங்கள் வீட்டுப் பூசை அறை இந்த அளவுக்குச் சுத்தமாக இருந்ததில்லை என்று எனக்கே உறுத்தும்.

சாமான்களைக் கழுவித் தருவது என் வேலை. மண்ணெண்ணெயில் ஒரு தடவை, சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை, காற்றடித்துக் காயவைத்து உடனே எண்ணெய் பூச வேண்டும். நம் ஊர்க் காற்றில் கொஞ்சம் தாமதித்தாலும் இரும்பு செம்பட்டை தட்டிவிடும். அப்படிக் கழுவிக் கழுவித்தான் இன்ஜினில் இருக்கும் ஓட்டைகளை நான் தெரிந்துகொண்டேன். சிலது தண்ணீர் ஓடுவதற்கு. சிலது போல்ட்டு இறக்குவதற்கு. ஓரமாக, சின்னதாக, பார்த்தால் ஒரு பொருட்டாகவே தோன்றாத ஓட்டை ஒன்று இருக்கும். அது ஆயில் ஓட்டை. கீழேயிருந்து ஆயில் அதன் வழியாகத்தான் மேலே ஏறி, வால்வுகளை அமுக்குகிற கேம் என்ற தண்டுக்குப் போக வேண்டும். அதைக் கழுவும்போது மட்டும் மெல்லிய பிரஷ்ஷை விட்டு, மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பேன்.

ஒரு தடவை அவர் பேரிங்குக்கும் கிராங்க் என்ற சுழல் தண்டுக்கும் நடுவே மெல்லிய மெழுகு நூல் ஒன்றை வைத்து இறுக்கினார். பிறகு கழற்றி, அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளவுத்தாளோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியைவிடக் குறைந்த இடைவெளி. அதில் ஆயில் நிற்கிறவரைக்கும் இரும்பு இரும்பைத் தொடாது என்றார்.

"தொட்டா என்னாகும்?"

"ஒட்டிக்கும். அத்தனை வேகத்துல சுத்துறது ஒட்டிக்கிட்டா எல்லாம் முறிஞ்சு பிளாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். கொதிக்கிற ஆயில் டயருக்கு அடியில ஊத்தும். வண்டி எங்க போகும்னு யாரும் சொல்ல முடியாது."

ரசத்துக்குப் புளி போதவில்லை என்று சொல்வதுபோல அவர் இதைச் சொன்னார். கழுவிக்கொண்டிருந்த சாமானைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அவர் கட்டுகிற இன்ஜினை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் ஒரே மகன். அவன் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு வந்துவிடுவேன். வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டேன் என்று உத்தரகோசமங்கை கோயில் வாசலில் வைத்து அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். என் புத்திக்கு எட்டிய காவல் அவ்வளவுதான்.

என் மதினி, அதாவது அவருடைய அக்கா, உத்தரகோசமங்கைக்காரர். மிளகாய்க் காடு வைத்திருக்கிறார். மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராசர் மேனியில் ஒரு வருஷம் காத்திருந்த சந்தனத்தைக் களைவார்கள் அல்லவா, அதில் ஒரு துளி கிடைக்க ராவும் பகலும் கூட்டத்தில் நிற்பார். கிடைத்ததை மடித்து வைத்து, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பார். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அதுதான், பரீட்சை என்றாலும் அதுதான்.

ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கட்டி முடித்த ஒரு இன்ஜினுக்கு நெற்றியில் வைக்கிற மாதிரி சந்தனப் பொட்டு வைத்தார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே துணியை எடுத்துத் துடைத்துவிட்டார்.

"ஏலே, சாமி சந்தனத்தைப் போயி அழுக்கைத் துடைக்கிற மாதிரி துடைக்கிறியே!"

"இங்கன ஒரு தூசி ஆகாதுக்கா."

"ஏலே, சந்தனம் ஒனக்குத் தூசியா? வாய் அழுகிரும் பாத்துக்க."

"சாமி கோவிச்சுக்கிட்டா நான் சொல்லிக்கிறேன். இன்ஜின் கோவிச்சுக்கிட்டா யாரு பேசுறது?"

மதினியும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. உள்ளே போய் விளக்குக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை மதினி ஒரு மூட்டை மிளகாயோடு வந்து இறங்கியபோது, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் கார் இன்ஜின் பாதி கட்டிய நிலையில் இருந்தது. கிராங்கும் பிஸ்டன்களும் உள்ளே போயிருந்தன. கேம் இருக்கிற மேல்பாகமான ஹெட்டை வைத்து மூட வேண்டியதுதான் பாக்கி. அவர் எல்லா ஓட்டைகளுக்கும் காற்றடித்துச் சுத்தம் செய்து, பாலித்தீன் தாளைப் போட்டு மூடிவிட்டு, லேத்துப் பட்டறை வரைக்கும் போனார். நான் மீன் வாங்கப் போனேன். அவர் திரும்பி வந்து, சாப்பிட்டு, தாளை எடுத்து, நடுவே கேஸ்கெட் தகட்டை வைத்து ஹெட்டை இறக்கினார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, அளவு காட்டுகிற ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லச் சொல்ல போல்ட்டுகளை முறுக்கினார். பிறகு ஸ்டார்ட் ஆகாதபடி சும்மா சுற்றவிட்டு ஆயில் மேலே கேமுக்கு வருகிறதா என்று பார்த்தார்.

"வருது. கொஞ்சம் சோம்பேறித்தனமா வருது. புது ஆயில், கெட்டியா இருக்கும்போல" என்றார்.

காரில் இன்ஜினைப் பூட்டி, மறுநாள் காலையில் அப்பனும் மகனும் கிளம்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டி, காரங்காட்டுக்குப் பிரியும் விலக்கு வரைக்கும் போய்த் திரும்புவது வழக்கம். போகும்போது மெதுவாக, ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, திரும்பி வரும்போதுதான் முழு வேகம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வருவார்.

நான் அடுப்படியில் கந்தர் சஷ்டியை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி எதிரே மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏன்த்தா இப்பிடி வேர்த்துக் கொட்டுது? ஆண்டவன் கூடவேல்ல போறாரு."

"கூடப் போகட்டும் மதினி, அவரை நம்பித்தானே இருக்கேன்."

"நான் சும்மா சொல்லல. உள்ளயே வச்சு அனுப்பியிருக்கேன்."

"எதை?"

"சந்தனத்தை. வெளிய வச்சா ஒன் புருசன் துடைச்சிருவான்ல? அதான் அந்தத் தாளைத் தூக்கி, உள்ள ஒரு ஓட்டைக்குள்ள கட்டியா வச்சிட்டேன். கண்ணுலயும் படாது, கையிலயும் படாது. கால் கழுவிட்டுத்தான்த்தா போனேன், செருப்புகூடப் போடல."

நான் முணுமுணுப்பை நிறுத்தினேன்.

"எந்த ஓட்டை மதினி? பெருசா, சின்னதா?"

"பெருசுல வச்சா விழுந்துருமே. ஓரமா சின்னதா ஒண்ணு இருந்துச்சு. விரலை வச்சு அமுக்கினேன், நல்லா உக்காந்துக்கிச்சு."

நான் எழுந்த வேகத்தில் மிளகாய் முறம் கவிழ்ந்தது. மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, என்ன?" என்று கேட்டார். "அது ஆயில் போற வழி மதினி" என்று மட்டும் சொன்னேன். அந்த ஓட்டை அடைத்தால் மீட்டர் எதையும் காட்டிக்கொடுக்காது. கீழே ஆயில் இருக்கும், பிரஷர் இருக்கும், முள் நல்ல இடத்தில் நிற்கும். மேலே கேம் மட்டும் காய்ந்துகொண்டே போகும். அவரே ஒருநாள் எனக்கு இதைச் சொல்லியிருந்தார். அந்த முள்ளை நம்பி இரண்டு பேரும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அவருக்குப் போன் போட்டேன். பக்கத்து அறையில் மணி அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மகனுக்குப் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். ஓட்டும்போது சத்தத்தை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான், எடுக்கமாட்டான். எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினவளே நான்தான். அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, 'இந்த ஒரு தடவை சத்தியத்தை மீறுடா ஐயா' என்று சாமியிடமே கெஞ்சினேன். அது பாவமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. மதினியும் நானும் ஏறினோம்.

"தேவிபட்டினம் தாண்டிப் போப்பா, கார் ஒண்ணைப் பிடிக்கணும்."

"என்ன காருக்கா?"

சொன்னேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "அந்தச் செவப்பு ரேஸ் வண்டியா? அதைப் பிடிக்க ஆட்டோவுலயா? நல்லவேளை, ராமேஸ்வரம் ரயிலைப் பிடிக்கச் சொல்லாம விட்டீங்க."

"எங்க பிள்ளை அதுல இருக்கான்ப்பா" என்று மதினி சொன்னதும் அவர் வாயை மூடிக்கொண்டு முறுக்கினார். அதற்குப் பிறகு ஒரு கேலி பேசவில்லை.

பிடிக்க வேண்டாம், திரும்பி வரும்போது நிறுத்தினால் போதும் என்று எனக்கு வழியில்தான் புத்தி வந்தது. ஆனால் திரும்பும்போதுதானே முழு வேகம்? தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற நவபாஷாணம் இருக்கும் திசையைப் பார்த்து ஒன்பது கிரகத்தையும் கும்பிட்டேன். எந்தக் கிரகத்திடம் எதைக் கேட்பது என்றுகூட வரவில்லை. எதிரே சிவப்பாக எது வந்தாலும் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன். ஊர் தாண்டியதும் மதினி மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தா, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா, அது நான் வச்சதுனாலதானே?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மிளகாய்க் காரம் என் கையிலும் எரிந்தது.

இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவே நேரான ரோடு. ஆட்டோக்காரர் ஓரம் கட்டினார். இதற்கு மேல் போனால் எந்த இடத்தில் நம்மைக் கடந்து போவார்கள் என்று தெரியாது, இங்கேயென்றால் தூரத்திலிருந்தே நம்மைப் பார்ப்பார்கள் என்றார். தன் சிவப்புத் துண்டை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்குவதற்குள் மதினி அதைப் பிடுங்கிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றுவிட்டார்.

"மதினி, ஓரமா வாங்க! அந்த வேகத்துல வந்தா அவனால நிறுத்த முடியாது!"

"என் மருமகன் என்னை இடிக்கமாட்டான்."

"ஒடிச்சுத் திருப்பினா வண்டி பள்ளத்துல போயிரும் மதினி!"

அந்த வார்த்தைக்குத்தான் ஓரத்துக்கு வந்தார். துண்டை மட்டும் என்னிடம் தரவில்லை. "நான் வச்சது, நான்தான் நிறுத்தணும்" என்றார்.

சத்தம்தான் முதலில் வந்தது. கார் கண்ணுக்குத் தெரியவில்லை. கருவேலங்காட்டுக்கு அப்பாலிருந்து ஒரு ஊளை, மெல்லிசாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே வந்தது. நல்ல இன்ஜின் சத்தம் எனக்குத் தெரியும். அதற்குள் வேறு ஏதாவது கேட்கிறதா, இரும்பு இரும்பைத் தொடுகிற சத்தம் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூடின கண்ணுக்குள் என்னென்னவோ வந்தது. அதை எழுத மாட்டேன். கண்ணைத் திறந்தபோது சிவப்பாக ஒரு புள்ளி. மதினி துண்டை ஆட்டினார். ஆட்டோக்காரரும் கையைக் கையை ஆட்டினார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கத்தினேன் என்று ஆட்டோக்காரர் பிறகு சொன்னார்.

கார் எங்களைத் தாண்டிப் போய், டயர் தேய்ந்து புகை கிளம்ப, வெகுதூரம் தள்ளி நின்றது. நான் ஓடினேன். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து இறங்கியதும் கையை ஓங்கிவிட்டார்.

"ரோட்டுல நின்னு ஆடுறீங்களே, பைத்தியமா பிடிச்சிருக்கு? செத்துப்போயிருப்பீங்கடி!"

"ஆஃப் பண்ணச் சொல்லுங்க. முதல்ல ஆஃப் பண்ணச் சொல்லுங்க!"

"எதுக்கு?"

"ஆயில் ஓட்டையில சந்தனம்."

அவருக்குப் புரியவில்லை. மகன் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பிரஷர் நல்லாத்தானேம்மா இருக்கு. இன்னும் மிதிக்கவே இல்லை, முன்னால இருக்கிற பாலம் தாண்டித்தான் முழுசா மிதிக்கலாம்னு அய்யா சொன்னாங்க" என்றான். பின்னால் மூச்சு வாங்க வந்து சேர்ந்த மதினி தான் செய்ததை ஒரே மூச்சில் சொன்னார். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. எந்தப் பக்கம், எந்த ஓட்டை, எவ்வளவு அமுக்கினார் என்று விரலை மடக்கியே காட்டினார். என் வீட்டுக்காரரின் முகத்திலிருந்து கோபம் வடிந்துபோனதைப் பார்த்தேன். அந்த இடத்துக்கு வேறொன்று வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

காருக்கு அடியிலோ ரோட்டிலோ ஒரு சொட்டு ஆயில் இல்லை. அவர் முன்பக்க மூடியைத் தூக்கி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தார். கருகின எண்ணெய் நாற்றம் வந்தது. அதனோடு சேர்ந்து, மெல்லியதாக, சந்தன வாசம் வந்தது.

கோயிலில் எத்தனையோ நாள் கண்ணை மூடி மோந்த வாசம். என்னை அறியாமல் அந்த இடத்திலேயே கை கூப்பினேன்.

சூடு ஆறக் காத்திருந்து மேல்மூடியைக் கழற்றினார். கேமின் ஒரு பாதி ஆயிலில் நனைந்து பளபளவென்று இருந்தது. மறுபாதி காய்ந்து, ஓரத்தில் சூட்டால் நீலம் பாரித்திருந்தது. அவர் அதில் விரலை வைத்துத் தடவிவிட்டு, மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் பார்த்தான். பிறகு ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டான். நான் அவன் முதுகில் கையை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது.

குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியை வரவழைத்து, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். சாயங்காலமே ஹெட்டைத் தூக்கினார். அந்தச் சின்ன ஓட்டை இன்னும் குறுகுகிற இடத்தில், கறுத்துப்போய், பிசின் மாதிரி அது இருந்தது. கம்பியை விட்டு வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேறு எந்த அழுக்காக இருந்தாலும் துணியில் தேய்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். இதைத் தேய்க்கவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

"இதை என்ன செய்யிறது?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"கொடு" என்று மதினி கையை நீட்டினார். வாங்கிச் சொம்புத் தண்ணீரில் கரைத்து, கால்படாத இடமாகப் பார்த்துக் கிணற்றடித் தென்னையின் அடியில் ஊற்றினார். ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"வாய் விட்டுச் சொன்னியேக்கா. அது போதும்."

"சொல்லணும்னு சொல்லலடா. பெருமைக்குச் சொன்னேன்."

இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். பெருமைக்குச் சொன்னதை மதினி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. ஆபத்து என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவும் இல்லை.

ஆனால் ஊர் மாற்றிவிட்டது. கல்யாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் இந்தக் கதை எனக்கே திரும்பி வருகிறது. நடராசர் சந்தனம் காரைத் தானாக நிறுத்தியதாம். பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே கிடந்ததாம். அதில் மோதாமல் சந்தனம் பிள்ளையைக் காப்பாற்றியதாம். லாரி எதுவும் கிடக்கவில்லை. இன்னொரு பக்கம், என் மகனோடு வண்டி ஓட்டுகிற பையன்கள், மூடநம்பிக்கையால் இன்ஜின் போச்சு என்று சிரிக்கிறார்கள். அதிலும் மதினி இல்லை. யாரோ ஒரு பைத்தியக்காரக் கிழவி இருக்கிறாள். இப்படிக் கேட்டுக் கேட்டு, இன்னொரு வீட்டில் இன்னொரு அக்கா, சந்தனம்தானே காப்பாற்றியது என்று நம்பி இன்னொரு ஓட்டையில் வைத்துவிடுவாளோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. சிரிப்பார்களே என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்துவிடுவாளோ என்பது அதைவிடப் பயம்.

என் மகன் இன்னமும் ஓட்டுகிறான். நான் இன்னமும் பயப்படுகிறேன். ஹெட்டை இறக்குவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பியை விட்டுப் பார்க்கிறார். பிறகு என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். சாமியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை என்றே நம்புகிறேன். என்ன நினைத்து நடத்தினார் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் இல்லை.

படிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், சொல்லாமல் இருக்காதீர்கள். சொல்லும்போது லாரியைச் சேர்க்காதீர்கள். சந்தனத்தைக் கேலிப்பொருளாக ஆக்காதீர்கள். அது சாமி சந்தனம்தான், ஆயில் ஓட்டையை அடைத்ததும் அதுதான். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். வைத்தவள் ஆசையில் வைத்தாள், பெருமைக்குச் சொன்னாள், தெரிந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு ரோட்டில் போய் நின்றாள் என்று, நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.